கோடு தெரியாத தரை

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர் என்பதால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டண்ணன். ஐம்பதை நெருங்கும்போது வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. ஸ்பேனர் கையிலிருந்து நழுவி, கீழே நின்றவரின் தலைக்குப் பக்கத்தில் விழுந்த அன்று, யாரும் சொல்லாமலே அவர் வேலையிலிருந்து நின்றுகொண்டார். நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இது நடுக்குவாதம், குணமாக்க முடியாது, கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதான் என்றார்.

நடுக்கத்தை அவரும் மனைவியும் பழகிக்கொண்டார்கள். பழக முடியாதது கால் ஒட்டிக்கொள்வதுதான். நன்றாக நடந்து வருவார். கதவை நெருங்கியதும் இரண்டு பாதமும் பசை போட்டது போலத் தரையோடு நின்றுவிடும். மேல் உடம்பு முன்னால் சாயும், கால் வராது. அவர்கள் வீட்டுத் தரை அப்போது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் டைல்ஸ். அப்படிச் சாய்ந்த ஒரு காலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

பிசியோதெரபி செய்ய வந்த பெண்தான் வழி சொன்னாள். தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு, "நடக்கணும்னு நினைக்காதீங்க. கோட்டத் தாண்டணும்னு நினைங்க" என்றாள். அவர் தாண்டினார். அடுத்த கோட்டையும் தாண்டினார். இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு அப்படித்தான், கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு இருந்தால் கால் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று அவள் விளக்கினாள். ஆனால் பளபளத் தரையில் சாக்பீஸ் நிற்கவில்லை. ஒட்டிய டேப்பும் உரிந்து காலைத் தடுக்கியது.

அதனால் தரையையே மாற்றினார்கள். பாலிஷ் போடாத, சொரசொரப்பான, அடர்ந்த சாம்பல் நிற டைல்ஸ். டைல்ஸ் கடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு மாதிரியின் மேலும் ஏறி நின்று, பாதத்தால் தேய்த்துப் பார்த்து அவரே பொறுக்கினார். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறாரே என்று கடைக்காரர் சிரித்தார். இணைப்புகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார்கள். படுக்கையறையிலிருந்து ஹாலைக் கடந்து பாத்ரூம் வரை, ஓர் எட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு.

தரை காய்ந்து நடக்கலாம் என்றான அன்று அவர் தனியாக எழுந்து பாத்ரூமுக்குப் போய் வந்தார். வந்து உட்கார்ந்தவர் மறுபடியும் எழுந்து போனார். அந்த முறை அவசியப்பட்டுப் போகவில்லை. மனைவி அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பேக்கரியில் வேலை. காலையில் போய் மதியம் வருவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவள் இல்லாத நேரத்தில் அவருக்குத் துணை அந்தக் கோடுகள்தான்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. பிறகு தரை நிறம் மாற ஆரம்பித்தது. சொரசொரப்பான தரை அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பழைய தரையைவிடக் கூடுதலாகவே துடைத்தாள். தரை துடைக்கிற திரவத்தை மூடியில் அளக்காமல் பாட்டிலோடு கவிழ்த்து, வாளி நுரைக்க நுரைக்கக் கலக்கி, நூல் மாப்பால் வீடு முழுக்க இழுத்தாள். துடைத்ததும் பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் மங்கலாகும். மறுநாள் கால் வைத்தால் பிசுபிசுக்கும், செருப்புத்தடம் அப்படியே பதியும். சோப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினாள். மாப் தள்ளிய அழுக்குத் தண்ணீரெல்லாம் பள்ளமான இணைப்புகளில் போய்த் தங்கியது. வெள்ளைக் கோடு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, கடைசியில் டைல் எது கோடு எது என்று தெரியாமல் போனது.

அவர் மறுபடியும் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் பாத்ரூம் வாசலில். அப்புறம் ஹால் நடுவில். நோய் முற்றிவிட்டதோ என்று இருவரும் பயந்தார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவள் பேக்கரியிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தபோது அவர் ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று அவருக்கே தெரியவில்லை. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தரையில் ஈரம். அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"கோடு தெரியலம்மா," என்றார். "குனிஞ்சு தேடிப் பாத்தேன். தெரியல."

அவள் அவரைத் துடைத்து, உடை மாற்றி உட்காரவைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டுப் பல் தேய்க்கும் பிரஷால் ஒரே ஒரு கோட்டைத் தேய்த்தாள். தேய்த்த இடம் கொஞ்சம் வெளுத்தது போல இருந்தது. காய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வீடு முழுக்க எத்தனை கோடுகள் என்று நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிலையில்தான் நாத்தனார் போன் செய்தாள். அவருடைய அக்கா. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. அவர்களுடைய அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இறந்தவர், அவரை முதலில் பார்த்தது அவள்தான். தம்பி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. போன முறை வந்தபோதே தரையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, விரலைத் தம்பி மனைவியிடம் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போனாள். இப்போது போனில் அவள் சொன்னது சுருக்கமாக இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை மதியம் வருவாள். தரை அப்படியே இருந்தால் தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கே வேலைக்கு ஆள் இருக்கிறது, சக்கர நாற்காலிக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது.

மனைவி பயந்தது அந்தச் சக்கர நாற்காலிக்குத்தான். உட்கார்ந்துவிட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று பிசியோதெரபிப் பெண் பல முறை எச்சரித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். முந்தைய தினமே ப்ளீச் பாட்டில்கள் வாங்கி வைத்திருந்தாள். பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர், ப்ளீச்செல்லாம் வேலைக்கு ஆகாது, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்று, கோடு பல்லைக் காட்டும் என்று சொல்லியிருந்ததால் அதிலும் ஒன்று. வெளியே தூறல். சாரல் அடிக்கும் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். அவரைப் படுக்கையறை நாற்காலியில் உட்காரவைத்து, கூப்பிடும்வரை எழுந்திருக்க வேண்டாம் என்றாள்.

ஹால் முழுக்கக் கோடு கோடாக ப்ளீச்சை ஊற்றி, மாப்பால் பரப்பி, மண்டியிட்டு பிரஷால் தேய்த்தாள். முட்டி வலித்தது. விரல் நுனிகள் வெந்தன. கறுப்பு கொஞ்சம் இளகியது, போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். கழுவித் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பிக்க நேரம் இல்லை என்று தோன்றியது. ப்ளீச் தேங்கி நின்ற தரைமேல் அப்படியே ஆசிட்டைத் திறந்து ஊற்றினாள்.

தரை பொங்கியது. கோடுகளின் மேல் நுரை சீறிக்கொண்டு எழுந்தது. நுரை விலகிய ஓர் இடத்தில், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, வெள்ளை தெரிந்தது. ஒரு நொடி அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்த மூச்சை இழுத்தாள். அது உள்ளே போகவில்லை.

மிளகாயைச் சுட்டு மூக்கில் ஏற்றினாற்போல் இருந்தது. கண் எரிந்து மூடிக்கொண்டது. தொண்டைக்குள் யாரோ கையை விட்டு அடைத்தது போல. இருமி இருமிக் குனிந்தாள், குனிந்தால் இன்னும் மோசம், அந்த நெடி தரையோடு தரையாகத்தான் படர்ந்திருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வாசல் கதவை எட்டித் திறந்து வெளியே தலையை நீட்டினாள். காற்று கிடைத்தது. தூறல் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் பின்னால் அவர் இருமுவது கேட்டது.

அவள் இருமலைக் கேட்டு அவர் எழுந்து வந்திருந்தார். எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னது நினைவிருந்தும் வந்திருந்தார். படுக்கையறை நிலையைத் தாண்டி ஹாலுக்குள் ஓர் எட்டு வைத்தவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். முன்னால் முழுவதும் நுரை. கோடு என்று ஒன்றும் இல்லை. இரண்டு கைகளும் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. கண்ணில் நீர் கொட்ட, அவள் இருக்கும் திசையைப் பார்த்து ஏதோ சொன்னார். குரல் வரவில்லை.

அவள் முந்தானையை மழையில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உடம்பு சாய்ந்தது, கால் வரவில்லை. இன்னும் இழுத்தால் அந்த நுரைக்குள் முகம் குப்புற விழுவார். அவளைவிட ஒன்றரை மடங்கு ஆள், விழுந்தால் அவளால் தூக்க முடியாது. தாண்டுங்க என்று கத்த வாயைத் திறந்தாள். சீட்டி அடித்தாற்போல் ஒரு சத்தம்தான் வந்தது. காலில் ஏதோ இடறியது. அவள் கீழே போட்டுவிட்டு ஓடிய மாப்.

அதன் மரக்கம்பை எடுத்து அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே போட்டாள். அவர் முகவாயைப் பிடித்துக் கீழே அழுத்திக் காட்டினாள்.

அவர் கம்பைப் பார்த்தார். காலைத் தூக்கி அதைத் தாண்டினார்.

அவள் கம்பை இழுத்து மறுபடி முன்னால் போட்டாள். தாண்டினார். மறுபடி இழுத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் தரைவரை குனிய வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் அந்த நெடி அவள் நெஞ்சுக்குள் கத்தியாக இறங்கியது. ஹால் நடுவில் அவர் மறுபடி நின்றுவிட்டார். அவள் கம்பால் தரையைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கண் தெரியவில்லை, சத்தத்தை வைத்தாவது தாண்டட்டும் என்று தட்டினாள். அவர் தாண்டினார். வாசல்படியைத் தாண்டி இருவரும் சுற்றுச்சுவரில் மோதிச் சரிந்தார்கள். அவர் பாதங்களில் நுரை. அதன் அடியில் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து ஆம்புலன்சுக்குச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் வந்து நின்ற டாக்சியிலிருந்து நாத்தனார் இறங்கினாள். தூறலில் கிடந்த தம்பியைப் பார்த்தாள். வாயில் நுரை கட்டி மூச்சுக்குத் துடித்த தம்பி மனைவியைப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, தம்பியின் காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். காலில் மருந்து போட்டு அனுப்பினார்கள், நாத்தனார் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனைவியைத்தான் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். ப்ளீச்சையும் ஆசிட்டையும் கலந்தால் விஷவாயு கிளம்பும், இன்னும் சிறிது நேரம் உள்ளே இருந்திருந்தால் இரண்டு பேரையும் துணி மூடித்தான் கொண்டு வந்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். நுரையீரல் ஓரளவு தேறும், பழையபடி ஆகாது.

அவள் தனியாக வீடு திரும்பினாள். தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, ஜன்னல்களைத் திறந்து, தண்ணீரைப் பீய்ச்சி எல்லாவற்றையும் வாசல் வழியாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். ஹால் நடுவில் டைல்கள் திட்டுத்திட்டாக வெளிறிக் கிடந்தன. கோடுகள் இருந்த இடத்தில் சிமெண்ட் அரித்துப்போய் வெறும் பள்ளம். விரலால் தொட்டால் மணல் மாதிரி உதிர்ந்தது. அழுக்காக இருந்தாலும் கோடு என்று ஒன்று இருந்தது, அதையும் தின்றுவிட்டேனே என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

வாசலோரம் வந்தபோதுதான் காலுக்கு வித்தியாசம் தெரிந்தது. அந்த மூலையில் அவள் ஆசிட் ஊற்றவில்லை. தீயணைப்புக்காரர்கள் பீய்ச்சிய தண்ணீர்தான் ஓடியிருந்தது, வெகுநேரம், நிறைய. அங்கே தரை பிசுபிசுக்கவில்லை. புதிதில் இருந்த சொரசொரப்பு அப்படியே பாதத்தில் உறுத்தியது. குனிந்து கைவைத்துப் பார்த்தாள். அங்கே கோடு வெள்ளையாக இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. இத்தனை மாதங்களாக அவள் தரையில் தேய்த்துச் சேர்த்தது சோப்பைத்தான். சோப்பு காய்ந்து படலமாகி, அந்தப் படலம் தூசியைப் பிடித்து, அதன்மேல் அவள் மறுபடி சோப்பை ஊற்றியிருக்கிறாள். வெறும் தண்ணீரில் போயிருக்க வேண்டியது. அதற்காகத்தான் அவரைக் கொல்லப் பார்த்தாள். அவள் வாசலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுதால் மூச்சு முட்டியது, அதனால் அதையும் முழுதாகச் செய்ய முடியவில்லை.

சிரமமான வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வெந்நீர் வைத்தாள். முதலில் உலர்ந்த துடைப்பத்தால் தூசியைக் கூட்டி எடுத்தாள். பிறகு ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் வெந்நீர் விட்டு, ஊறவைத்து, மெல்லிய நார் பிரஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீர் காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்தாள். வாளியைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரால் மறுபடி கழுவி, மறுபடி ஒற்றினாள். அடுத்த பாய் அகலம். மூச்சு வாங்கும்போது சுவரில் சாய்ந்துகொண்டாள். படுக்கையறை முடிந்து ஹாலின் ஓரங்கள் முடிய நாட்கள் ஆயின. அரித்துப்போன நடுப்பகுதிக்கு மட்டும் அவளிடம் மருந்தில்லை. டைல்ஸ் பதித்தவருக்குப் போன் செய்து, பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்து, மேலே அழுக்கு இறங்காதபடி சீலர் பூசித் தரச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

அவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். சவரம் செய்து, தலை வாரி, துவைத்த சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அவருக்குக் கீழே பளபளத் தரையில் நாற்காலியின் நிழல் தெரிந்தது. வந்ததிலிருந்து அவர் நடக்கவில்லை என்பதைச் சமையல்காரப் பெண் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

அவரைக் கூட்டிப் போக வந்திருப்பதாகச் சொன்னாள். தரையைச் சரி செய்த விதத்தையும் சொன்னாள். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டாள். வார்டன் வேலையில் எத்தனையோ பெண்களின் சாக்குகளைக் கேட்ட முகம் அது.

"உன்ன நம்பி எப்படி அனுப்புறது? நீ அவனக் கொன்னிருப்ப."

"ஆமா அண்ணி," என்றாள் அவள்.

நாத்தனார் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்கு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்போது அவர் பேசினார். நோயில் குரல் தேய்ந்து தேய்ந்து, பக்கத்தில் போனால்தான் கேட்கும். இருவரும் குனிந்தார்கள்.

"அக்கா, அங்க நான் நடந்தேன். இங்க சும்மா இருக்கேன்."

"விழுந்துட்டா என்னடா பண்ணுவ?"

"விழுவேன்."

நாத்தனாரின் உதடு கோணியது. அப்பா விழுந்து கிடந்த பாத்ரூம் அவள் கண்ணில் வந்திருக்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து தம்பியின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். சட்டைகளுக்குப் பக்கத்தில் தன் புடவைகளையும் எடுத்து வைத்தாள். கொஞ்ச நாள் தானும் வந்து இருக்கப் போவதாக அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் முதலில் செய்தது குனிந்து விரலால் தரையைத் தேய்த்துப் பார்த்ததுதான். விரலைப் பார்த்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த பாராட்டு அவ்வளவுதான்.

அவரைப் படுக்கையறையில் உட்காரவைத்தார்கள். சிறிது நேரம் கழித்து, பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். படுக்கையறையில் இருந்த கோடுகளைத் தாண்டினார். நிலைக்கு வந்தார். அந்தப் பக்கம் காலை வைத்தார். அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நின்ற அதே இடம். முன்னால் கோடு பளீரென்று வெள்ளையாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கை வேகமாக நடுங்கியது. நெற்றி வியர்த்தது. கோடு தெரியாமல் நின்றால் தரையைக் குறை சொல்லலாம். தெரிந்தும் நிற்கிறாரே, இனி என்ன செய்வது என்று மனைவி பயந்தாள். நாத்தனார் பிடிக்கப் போனாள். மனைவி அவள் கையைப் பற்றித் தடுத்தாள். தடுத்தது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அந்த நனைந்த வேட்டி நாளின் அவமானம் மெல்ல ஏறுவதை அவள் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அப்பால போங்க," என்றார் அவர். "வேடிக்கை பாத்துட்டு நின்னா எப்படி."

இருவரும் அடுப்படிக்குள் போய் நின்றார்கள். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். மனைவி இருமலை வாய்க்குள்ளேயே அடக்கினாள், இருமினால் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிடுமோ என்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சொரசொரத் தரையில் ஒரு பாதம் உரசி எழும்பும் சத்தம். அடுத்தது வர வெகுநேரம் ஆனது. அதற்கடுத்தது சீக்கிரம் வந்தது.

நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஏதாவது பேசு," என்று கிசுகிசுத்தாள். "நம்ம காதக் குடுத்துக் கேட்டுட்டு நிக்கிறோம்னு அவனுக்குத் தெரியும்."

மனைவி, ஹாலுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி, பேக்கரியில் ஒரு பிறந்தநாள் கேக்கின்மேல் தவறான பெயரை எழுதி, அதை வாங்க வந்த ஆள் சண்டை போட்டு, அப்புறம் அந்தப் பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போன கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நாத்தனார் தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. இருவரும் கதையை நிறுத்தவில்லை.